தொண்ணூற்றேழு புள்ளி எட்டு

நாகேஸ்வரன் கேள்வியைக் கேட்கும்போதே தலையையும் ஆட்டிவிடுவார். “மருந்து வண்டி வர்றது உங்களுக்கு உபகாரமா இருக்கோல்லியோ?” என்று அவர் கழுத்து மேலும் கீழும் போய்வரும்போது, எதிரே மருந்துச் சீட்டோடு நிற்கும் மனிதருக்கு ‘இல்லை’ என்று சொல்ல மனசு வருமா? அவரும் ஆட்டுவார். நாகேஸ்வரன் கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த ஆளிடம் நகர்வார். ஆளுக்கு நான்கு நிமிடம். ஐந்தாவது நிமிடத்தில் யாராவது சொந்தக் கதையை எடுத்தால் பேனாவை மூடிவிடுவார்.

வயது அறுபத்து மூன்று. வீடு பழவங்காடிக்குப் பக்கத்துத் தெருவில். முப்பது வருஷம் சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் கணக்கெடுப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது துரித மதிப்பாய்வு நிபுணர். அதாவது, ஆறு மாதம் உட்கார்ந்து செய்ய வேண்டிய ஆய்வைப் பதினைந்து நாளில் செய்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார். “ராப்பிட்னா ராப்பிட்தான் கேட்டோ. ஆற அமரப் பண்றதுக்கு இதென்ன பிஎச்டியா?” என்பார். வேலை தொடங்கும் அன்று பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய், அறிக்கை கொடுத்த அன்று இன்னொன்று. நடுவில் நடப்பதற்குப் பிள்ளையார் பொறுப்பு என்று ஏற்பாடு போலிருக்கிறது.

சமீபத்தில் கிடைத்த வேலை பொன்முடிப் பக்கம். ஓர் அறக்கட்டளையின் மருத்துவ வண்டி புதன்கிழமைதோறும் அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறது. முதலில் சாலையோரத்துக் கீழ் லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் நிற்கும். பிறகு இரண்டு கிலோமீட்டர் மூச்சு வாங்க ஏறி, பதினொரு மணிக்கு மேல் லயத்தில் நிற்கும். மேலே வருவது இரண்டே பேர். அந்த நிறுத்தம் தேவையா, எடுத்துவிடலாமா என்று சொல்ல வேண்டும். பதினைந்து நாளில் ஒன்பது நாள், தோட்டத்து மேனேஜரிடம் அனுமதிக் கடிதம் வாங்கவே போய்விட்டது. இரண்டு நாள், கேள்வித்தாளை இங்கிலீஷிலிருந்து மலையாளத்துக்கு மாற்றப் போனது. லயத்தில் இருப்பவர்கள் தமிழர்கள் என்ற ஞாபகம் அச்சடித்த பிறகுதான் வந்தது. நாகேஸ்வரனும் தமிழர்தான் என்பது வேறு விஷயம்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு புதன்கிழமை. அன்றைக்குப் பார்த்து ஜீப் கிடைக்கவில்லை. மனிதர் அசரவில்லை. எந்த வண்டியை மதிப்பிட வேண்டுமோ அதே வண்டியில், டிரைவருக்குப் பக்கத்தில் சௌகரியமாக ஏறிக்கொண்டார். கீழ் லயத்தில் வண்டிக்காக வரிசையில் நின்ற நாற்பத்து நான்கு பேரிடமும் வண்டியால் பயனுண்டா என்று கேட்டார். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களிடம் போய், பத்திரிகை வந்ததா என்று விசாரிப்பது மாதிரி. வாயுவுக்கு மாத்திரை கிடைக்காத கோபத்தில் ஒரு கிழவர் மட்டும் ‘ஒரு பிரயோஜனமும் இல்ல’ என்றார். நாகேஸ்வரனுக்கு அவர்மேல் அலாதிப் பிரியம் வந்துவிட்டது. “அந்த ஒரு ‘இல்ல’ இல்லேன்னா யார் நம்புவா?” என்றார்.

மேல் லயத்தில் கதவெல்லாம் சாத்திக் கிடந்தது. கொழுந்து பறிக்கப் போனவர்கள் போக, வண்டிக்கு வந்தவர்கள் இருவர்: காது கேட்காத ஒரு பெரியவர், பிறகு பார்வதியம்மாள். பார்வதியம்மாளுக்குச் சர்க்கரை. பாதத்தில் ஆறாத புண். புதன்தோறும் வண்டியில் வரும் நர்ஸ்தான் கட்டுப் போட்டுவிடுகிறாள். முன் ஸீட்டிலிருந்து பேனாவோடு இறங்கியவரைப் புது டாக்டர் என்று நினைத்த அந்த அம்மாள், கட்டை அவிழ்த்துப் பாதத்தைப் படியில் தூக்கி வைத்தாள்.

“டாக்டரய்யா, போன வாரத்துக்கு இப்பம் கொஞ்சம் வாடிருக்கு, பாருங்க. கீழ வரைக்கும் நடந்தா திரும்பப் பொளந்துக்கிடும்யா.”

நாகேஸ்வரன் பாதத்தைப் பார்க்கவில்லை. “திருப்திதானே?” என்று தலையை ஆட்டினார். அவளும் ஆட்டினாள். தான் டாக்டர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஐந்தாவது நிமிடம் ஆகியிருக்கும். நாற்பத்தாறில் நாற்பத்தைந்து பேர் திருப்தி: தொண்ணூற்றேழு புள்ளி எட்டு சதவீதம்.

உதவிக்கு வந்த கள ஆய்வாளர் அஜிதா அதே தோட்டத்தில் பிறந்தவள். அவள் வண்டியில் திரும்பவில்லை. மேல் லயத்தில் அத்தை வீட்டில் தங்கி, சாயங்காலம் இலை நிறுக்கும் இடத்தில் போய் நின்றாள். மறுநாள் காலையில் நாகேஸ்வரன் முன்னால் ஒரு நோட்டைத் திறந்து வைத்தாள்.

“சார், இல நிறுத்துட்டு நாலரைக்குத்தான் எல்லாரும் எறங்கி வாராவ. முப்பத்தொரு பேரு. ஒரு ஆளும் அந்த வண்டிக்குள்ள ஏறினதில்ல. பதினொரு மணிய நாலரையா மாத்துனா மதி சார், வேற ஒண்ணும் வேண்டாம். நிறுத்தத்த எடுத்துட்டா பார்வதியம்மாளுக்குக் காலே போயிரும்.”

அவர் ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தார். ஒரு தசமப் புள்ளி விடுபட்டதற்காக ஃபைலைத் திருப்பி அனுப்பிய மனிதர் அவர். வண்டி எந்த நேரத்தில் போய் யாரையெல்லாம் பார்க்காமல் வந்ததோ, தானும் அதே நேரத்தில் போய் அவர்களையே பார்க்காமல் வந்திருக்கிறோம் என்று அவருக்கு நன்றாகப் புரிந்தது.

“நீ சொல்றது வாஸ்தவம். ஆனா இது நம்ம கேள்வித்தாள்ல இல்லியே குழந்தே. கடைசியில ‘ஆய்வின் வரம்புகள்’னு ஒரு பாகம் இருக்கோல்லியோ, அதுல ஒரு வரி போட்டுடலாம்” என்றார்.

போட்டார். முப்பத்தெட்டாம் பக்கத்தில், பொடி எழுத்தில்: ‘காலக் குறைவினால் மாலை நேரத்தில் தகவல் திரட்ட இயலவில்லை.’ முப்பத்தொரு பெண்களும் ஒரு கால் புண்ணும் அந்த வரிக்குள் போய்ச் சேர்ந்தார்கள். தெரியாமல் செய்கிறவனையாவது மன்னித்துத் தொலைக்கலாம். இப்படித் தெரிந்தே செய்துவிட்டுப் பொடி எழுத்தில் ஒளிந்துகொள்கிறவர்களைக் கண்டால் வயிறு எரிகிறது.

தம்பானூரில் ஒரு ஹோட்டல் ஹாலில் அறிக்கை சமர்ப்பிப்பு, மேஜையில் டீயும் பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜியும். திரை முழுக்க 97.8. அதற்குக் கீழே, மேல் லயத்தில் வருவது இருவர்தான் என்பதால் அந்த நிறுத்தத்தை எடுத்துவிடலாம் என்ற பரிந்துரை. அறக்கட்டளைச் செயலாளர் ஜினி நல்ல பெண்மணி. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவர், ஒரு நிமிஷம் தயங்கினார். நிறுத்தத்தை எடுத்தால் மேலே யாருக்காவது கஷ்டம் வருமா என்று மலையாளத்தில் கேட்டுவிட்டு, மேஜையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

அஜிதா நோட்டைத் திறந்து, பெயர்கள் இருந்த பக்கத்தை மேஜைமேல் விரித்தாள். “மேடம், சாயங்காலம் நாலரைக்கு...”

“மொதல்ல சாப்பிடு குழந்தே, ஆறிப்போயிடும்” என்று நாகேஸ்வரன் சிரித்துக்கொண்டே எழுந்து, எண்ணெய் வடியும் பழம்பொரித் தட்டை எடுத்து அந்தப் பக்கத்தின்மேல் வைத்தார்.