துளையுள்ள ஊசி

ஜெர்மனியின் டோர்ட்மண்டில் என் கண்புரை அறுவைக்கான டெர்மினை, அதாவது மருத்துவமனை குறித்துத் தந்த நேரத்தை, ராகு காலத்துக்குப் பயந்து, கெஞ்சி மாற்றியிருந்தேன்.

"பயப்படாதேங்கோ, நல்ல நேரம் பாத்துத்தானே வந்தனாங்கள்," என்றாள் மனைவி.

அறுவை மேசையில் படுத்த பிறகுதான் உறைத்தது. நான் பார்த்த பஞ்சாங்கம் யாழ்ப்பாணத்துச் சூரியனுக்குக் கணித்தது. இங்கே மார்கழியில் சூரியன் எழும்புவதே எட்டு மணிக்கு மேல். அப்படியென்றால் ராகு காலம் இப்போதுதானோ? சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கத் தலையைத் திருப்பினேன்.

மருத்துவர் ஈராக்கின் மோசூல்காரர். என் நடுக்கத்தைக் கண்டு, தன் ஊரில் பிறந்த வைத்தியர் ஒருவர் ஆயிரம் வருடங்களுக்கு முன்பே துளையுள்ள ஊசியால் புரையை உறிஞ்சி எடுத்தார் என்று ஜெர்மன் மொழியில் சொன்னார். மரத்துப்போக மருந்து கொடுத்தாரா என்று கேட்டேன். தெரியாதாம்.

"அவர் நேரம் பார்த்தாரா?"

"நோயாளி அசையாத நேரம் பார்த்தார்," என்றார். "நீங்கள் இன்னும் அசைகிறீர்கள்."