சூரிய ராவுத்தரின் குடை

மழை பெய்யாத நாளிலும் பக்கீர் முகம்மது ராவுத்தர் குடை இல்லாமல் மொட்டைமாடிக்கு ஏறுவதில்லை. குடை தமக்கல்ல, தாளுக்கு. காலை எட்டு மணிக்குப் பித்தளைத் தூரதரிசனி என்கிற டெலஸ்கோப் வழியே சூரியனின் பிம்பம் குடை நிழலில், வெள்ளைத்தாளின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு விழும். அதிலுள்ள கரும்புள்ளிகளைப் பென்சிலால் அப்படியே வரைந்து, தேதியும் நேரமும் இட்டு, மூலையில் ‘ப. மு.’ என்று போடுவார். பன்னிரண்டு வருஷத்துக்கு மேலாக இதே வேலை. உத்தமபாளையத்தில் ‘சூரிய ராவுத்தர்’ என்றால்தான் வீடு காட்டுவார்கள்.

பிழைப்புக்குப் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர். தூரதரிசனி, சீமைக்குத் திரும்பிய ஓர் எஸ்டேட் துரை ஏலத்தில் விட்டது. கிழக்கே மேகமலையிலிருந்து மேகம் கிளம்பினால் அதையும் வகுப்புப் பையனைப் போல அதட்டுவார்: “ஏலே, அஞ்சு நிமிசம் அங்கனயே நில்லு.” வழிப்போக்கில் அந்த ஊருக்குப் போன என் கண்ணெதிரே அது நின்றது. தற்செயல் என்று நான் சொன்னதை அவர் ரசிக்கவில்லை.

படங்களை வருஷந்தோறும் சீமையில் சூரியனை ஆராயும் ஒரு சங்கத்துக்கு அனுப்புவார். போன வருஷம் அங்கிருந்து கடிதம் வந்தது. 1936 ஜூலை ஏழாம் தேதி காலை சூரியனில் புதிதாக ஒரு புள்ளிக்கூட்டம் பிறந்திருக்கிறது. அதன் முதல் படம் இவர் அனுப்பியதுதான். வரைந்தது தாமே என்று எழுதிக் கொடுத்தால், பன்னிரண்டு வருஷப் படங்களையும் அவர் பேரில் புத்தகமாகப் போடுவார்களாம்.

சங்கடம் என்னவென்றால், அந்த ஜூலை ஏழாம் தேதி ராவுத்தர் காய்ச்சலில் கிடந்தார். வரைந்தது அவர் மனைவி லத்திபா.

“தாளு வெறுமனே கெடக்க வேணாமேன்னு வரைஞ்சேன். எப்பவும் இருக்குற மாதிரி அவுக எழுத்தையும் போட்டுட்டேன்” என்றார் அந்த அம்மாள், கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல்.

“ஆமான்னு எழுதிப்போடுங்க மச்சான். யாரு வந்து பாக்கப் போறாக?” என்றாராம் லத்திபாவின் தம்பி முகைதீன். அவரையும் குறை சொல்ல முடியாது. உண்மையை எழுதினால் அந்த ஒரு படத்தோடு போகாது; பன்னிரண்டு வருஷ உழைப்பையுமே சந்தேகப்பட்டுத் தள்ளிவிடலாம். ராவுத்தர் அசரவில்லை.

“சூரியன்ல இல்லாத புள்ளி ஒண்ணுகூட நான் வச்சதில்ல. வரையாததை வரைஞ்சேன்னு மட்டும் எழுதுவேனா? இவ கை என் கையவிடச் சுத்தம். நம்புனா நம்பட்டும்.”

உள்ளதை உள்ளபடி எழுதித் தபாலில் போட்டுவிட்டார். எட்டு மாதம் பதிலே இல்லை.

நான் போயிருந்த அன்றுதான் புத்தகம் வந்தது. அட்டையில் அவர் பேர். அதைச் சரியாகப் பார்க்கக்கூட விடாமல் நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் பிரித்து விரலை வைத்தார். ஜூலை ஏழாம் தேதிப் படத்தின் கீழே லத்திபாவின் பேர் அச்சாகியிருந்தது. வழிப்போக்கனான எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பென்சிலை மனைவியிடம் கொடுத்துவிட்டு, ராவுத்தர் குடையைப் பிடித்தார். படம் முடிந்தது. தேதியும் நேரமும் எழுதிய லத்திபா, மூலையில் ‘ப. மு.’ என்று போடச் சொல்லிப் பென்சிலை அவரிடம் நீட்டினார்.

ராவுத்தர் இரண்டு கையாலும் குடைக்காம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.