அடிக்குறிப்பில் அம்மா

வண்டிப்பெரியாறு பேருந்தில் என் பக்கத்தில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். அயர்லாந்தில் படிக்கிறவள், விடுமுறைக்கு எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் இருக்கும் அம்மாவிடம் வந்திருந்தாள். மடியில் தேயிலைத் தொழில் பற்றிய தடித்த புத்தகம். அதன் ஓரங்களில் பென்சிலால் "தப்பு" என்று எழுதிக்கொண்டே வந்தாள்.

"அச்சடிச்ச புத்தகத்தையா தப்புங்கிறே?" என்றேன்.

"அயர்லாந்துல முதல் கட்டுரைக்குப் புத்தகத்தை மனப்பாடம் பண்ணி அப்படியே எழுதினேன் சார். இங்க அதுக்குத்தான முழு மார்க்கு? அங்க திருட்டுன்னு சொல்லி முட்டை போட்டாங்க. அடுத்தது சொந்தமா எழுதினேன். ஆதாரம் எங்கன்னு கேட்டாங்க."

"என்ன பண்ணினே?"

"அடிக்குறிப்புல எங்கம்மா பேரைப் போட்டேன். இருபத்தஞ்சு வருசமா கொழுந்து எடுக்காங்க. அவங்களுக்குத் தெரியாததா இந்தப் புத்தகத்துக்குத் தெரியும்? அந்தப் பேரை அவங்க அடிச்சுவிட்டாலும் அடுத்த கட்டுரைலயும் போடுவேன்."

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு இறங்கிப் போனாள். மனப்பாடத்துக்கே மார்க் போட்டு ஓய்வுபெற்ற வாத்தியார் நான். அதை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.