மூன்றாவது ஓலை

என் சித்தி மகள் ஆன் மேரி இன்று எங்கள் ஊர் தேவகோட்டையிலேயே கணக்கு டீச்சர். காரைக்குடிக் கல்லூரிக்கு பஸ்ஸில் போய்வந்த காலத்தில்தான் அங்கேயே படித்த ஆன்றோவை அவளுக்குப் பிடித்துப்போனது. பஸ் நிற்பதற்குள் ஓடி, ஜன்னல் வழியாகக் கர்ச்சீப் போட்டு அவளுக்கு இடம் பிடித்துவிடுவான். யார் சண்டைக்கு வந்தாலும் விட்டுக்கொடுக்க மாட்டான். அந்தத் துணிச்சலில் மயங்கிவிட்டாள். படிப்பு முடித்து அவன் காரைக்குடியிலேயே செல்போன் கடையில் சேர்ந்தான். அப்போதும் அவளுக்குக் கர்ச்சீப் போடுவது நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாதா கோயிலில் கீபோர்டு வாசிப்பவனும் அவன்தான்.

எம்.எஸ்ஸி. கடைசி வருடம் அவளுக்குத் திருச்சியில் ஒரு மாப்பிள்ளை அமைந்தது. அவள் தன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஞானசேகர் சித்தப்பா சத்தம் போடவில்லை.

"அவன் வந்து எங்கிட்டப் பொண்ணு கேக்கட்டும். கேக்குற வரைக்கும் இந்த ஏற்பாடு நடக்கும்" என்றார்.

ஆன்றோவின் அம்மாவோ தன் அண்ணன் மகளைத்தான் அவனுக்குக் கட்டுவது என்றிருந்தவள். "அம்மாவைச் சமாளிச்சுட்டு வந்துர்றேன்" என்றான். சமாளித்தான், சமாளித்தான், சமாளித்துக்கொண்டே இருந்தான்.

எங்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. முதல் ஓலைக்கு ஆன்றோ குனிந்த தலை நிமிரவில்லை. இரண்டாவது ஓலைக்குக் காய்ச்சல் என்று வரவேயில்லை. மூன்றாவது ஞாயிறு வந்திருந்தான். ஃபாதர் அவள் பெயரை வாசித்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார். யாரும் எழவில்லை. அடுத்த பாட்டை ஆன்றோ ஒரு பிசகும் இல்லாமல் வாசித்தான். அங்கேயே அவனை ஓர் அறை விட்டால் என்ன என்றிருந்தது எனக்கு.

மறுநாள் ஆன் மேரி தனியாக ஃபாதரிடம் போனாள்.

"எனக்குச் சம்மதமில்ல ஃபாதர். தடை சொல்ல வேண்டியது நான்தான்" என்றாள்.

கல்யாணம் நின்றது. சித்தி ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. ஊர் சித்திக்கும் சேர்த்துப் பேசியது.

அந்த வாரமே காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் ஆன்றோ கர்ச்சீப் போட்டு இடம் பிடித்துவைத்து அவளைக் கூப்பிட்டான்.

"இப்பத்தான் தெம்பே வந்துச்சு. நாளைக்கே உங்கப்பாவைப் பாக்குறேன்."

அவள் கர்ச்சீப்பை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "ஒரு சீட்டுக்கு அம்புட்டுப் பேருகிட்ட மல்லுக்கு நின்ன. எனக்காக ஒரு தடவ எந்திரிக்க முடியலையா?" என்று கேட்டுவிட்டு, தேவகோட்டை வரை நின்றுகொண்டே வந்தாள்.

இரண்டு வருடம் ஆகிறது. போன வாரம், "இன்னுமாடி அவன் நெனப்பு?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். பேப்பர் திருத்திக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"நீங்களும் கேக்குறீகளேக்கா! அவனைப் பிடிக்காமப் போயிருந்தா, வெறும் சீட்டுதானேன்னு அன்னைக்கு அதுல உக்காந்தே வந்திருப்பேன்."