பத்தாயத்துக்குள் பாடிய லேப்டாப்

எங்கள் அப்பாவுக்கு மின்சாரத்தின் மேல் துளியும் நம்பிக்கை கிடையாது. ஐப்பசியில் மேற்கே லேசாக ஓர் உறுமல் கேட்டால் போதும், வீட்டைச் சுற்றி வந்து டிவி, பிரிட்ஜ், மிக்சி, கேபிள் வயர் என்று எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிடுவார். எங்கள் ஊர் கொட்டாரத்தில் அநேகமாக எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம்தான் இது. ஆனால் இடிக்குப் பயந்து டார்ச் லைட்டிலிருந்தும் பேட்டரியைக் கழற்றியவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அப்படிப்பட்டவரிடம் அத்தான் லீவுக்கு வந்தபோது ஒரு லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு மஸ்கட்டுக்குத் திரும்பிப் போனார். அக்காளுக்குப் பெண் பிறந்தது அங்கேதான். பிள்ளைக்கு ஒன்றரை வயதாகியும் அப்பா அவளைத் தூக்கியதில்லை. லேப்டாப்பின் தலையில் கவ்விக்கொண்டிருந்த சின்னக் கேமரா வழியாகத்தான் தாத்தாவும் பேத்தியும் பழக்கமானார்கள். அப்பாவின் முகம் தெரிந்ததும் அவள் "தாத்தா" என்று திரையைத் தட்டுவாள். அப்பா ஒரு சிரிப்புச் சிரிப்பார் பாருங்கள், பெற்ற பிள்ளைகளைப் பார்த்து ஒரு நாளும் அவர் அப்படிச் சிரித்ததில்லை.

கொஞ்ச நாளில் லேப்டாப்புக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. அணைத்தால் ஒழுங்காக இருண்டுபோகும். நாம் எழுந்து நாலு எட்டு வைப்பதற்குள் பாட்டுப் பாடிக்கொண்டு தானாகவே எழும்பிவிடும்.

"போயிட்டு வாறேன்னு சொல்லிட்டுப் போன மிஷினு வராம இருக்குமா? மரியாத தெரிஞ்சதாக்கும்" என்றாள் அம்மா.

அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு சாயங்காலம் இடி இடிக்க ஆரம்பித்ததும் லேப்டாப்பின் வயரைப் பிடுங்கினார். உள்ளே பேட்டரி இருக்கிற திமிரில் அது எரிந்துகொண்டே இருந்தது. நான் அணைத்தேன், எழும்பியது. மறுபடி அணைத்தேன், மறுபடி எழும்பியது. "மரத்துல மின்சாரம் பாயாதுல்லா" என்று சொல்லி, அப்பா அதைத் தூக்கிக்கொண்டு போய் நெல் போட்டு வைக்கும் மரப்பத்தாயத்துக்குள் இறக்கி மூடிவிட்டார். மூடின கையோடு உள்ளேயிருந்து பாட்டு வந்தது. அப்பா பத்தாயத்தை முறைத்துக்கொண்டு நின்றதை அம்மா இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள்.

மறுநாள் அத்தானுக்குப் போன் போட்டேன். "மாப்பிள, அது அணையும்போது எங்கயோ கோளாறாவுது. கோளாறானா தானா ரீஸ்டார்ட் ஆகணும்னு செட்டிங்ஸ்ல ஒரு டிக் கெடக்கும், அத எடு" என்றார். எடுத்துவிட்டு அணைத்தேன். திரை முழுக்க நீலமாகி வெள்ளை எழுத்துகள் வந்து நின்றன. அப்பா இரண்டடி பின்னால் போனார். அந்த எழுத்துகளுக்கு நடுவே ஒரு பெயர் இருந்தது. எழுத்தெழுத்தாகப் போனில் வாசித்தேன். கேமராவுக்காகப் போட்ட சாஃப்ட்வேராம் அது. அத்தான் சொன்னபடி அதை நீக்கி, கேமராவையும் கழற்றினேன். லேப்டாப் சாதுவாக அணைந்து, அணைந்தபடியே கிடந்தது. நாகர்கோவிலில் வேறு கேமரா வாங்கலாம் என்றேன். அதற்கென்ன அவசரம் என்றார் அப்பா. அவ்வளவு நிம்மதி.

அன்று சாயங்காலம் பேத்தி எங்களுக்குத் தெரிந்தாள். நாங்கள் அவளுக்குத் தெரியவில்லை.

"மக்கா, தாத்தா இங்க இருக்கேன்லா" என்று அப்பா கூப்பிட்டார்.

குரல் கேட்டு அவள் முகம் மலர்ந்தது. அவர்கள் வீட்டு லேப்டாப்பின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அப்புறம் இறங்கி ஓடிவிட்டாள்.

"தாத்தா வந்திருக்குன்னு நெனச்சி வாசக்கதவத் தொறக்கச் சொல்லுதாப்பா" என்று அக்காள் சிரித்தாள். அங்கே பிள்ளை கதவைத் தட்டுகிற சத்தம் லேப்டாப் வழியாக எங்களுக்கும் கேட்டது. அப்பா திரையில் அவள் இறங்கிப்போன காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கேமராவ எடுத்து மாட்டுலே."

"மாட்டினா பழையபடி அணையாதுப்பா."

"அணையாட்டா கெடக்கட்டும்."

அவசர அவசரமாக எல்லாவற்றையும் திரும்பப் போட்டேன். அதற்குள் அக்காள் அழுகிற பிள்ளையைத் தூக்கி வந்து திரைக்கு முன்னால் உட்கார வைத்திருந்தாள். எங்கள் முகம் அங்கே தெரிகிற வரைக்கும் அப்பா வாயைத் திறக்கவில்லை. குரல் கேட்டால் பிள்ளை மறுபடியும் கதவுக்கு ஓடிவிடுவாளோ என்று அவருக்குப் பயம்.