பல்லுக்குப் போட்ட ஓட்டு

மூன்று வருடத்துக்கு முன்னால், மலேசியாவில் கோலா கிளாவாங் பக்கம் நான் வேலை செய்யும் செம்பனைத் தோட்டத்தில் நடந்தது இது.

என் மூத்தவனுக்கு ஒரு கடைவாய்ப் பல் இல்லை. ஆறு வயதில் முளைத்த பல். பால் பல்தானே, விழுந்து வேறு முளைக்கும் என்று சும்மா இருந்துவிட்டேன். சொத்தையாகிக் கன்னம் வீங்கியது. பிடுங்கிய பிறகுதான் சொன்னார்கள், அது விழுகிற பல் இல்லை, ஆயுசுக்கும் அது ஒன்றுதான் என்று. இன்றைக்கும் அவன் ஒரு பக்கமாகத்தான் மெல்லுகிறான்.

சின்னவள் முதலாம் ஆண்டு போனாள். அவளுக்கும் அதே பல் முளைத்திருந்தது. பள்ளிக்குப் பல் மிஸ்ஸிகள், அதாவது பல் பார்க்கும் நர்சுகள், வருவார்கள், சொத்தை விழாமல் இருக்கப் புதுப் பல்லில் மருந்து பூசுவார்கள் என்று ஃபாரம் வந்தது. மலாயில் இருந்தது. 'செதுஜு', 'திடாக் செதுஜு' என்று இரண்டு. சம்மதம், சம்மதமில்லை. அந்த அளவு எனக்குத் தெரியும். சம்மதத்தின் மேல் பெரிதாக ஒரு பாங்கா போட்டேன், ஓட்டுச் சீட்டில் போடுகிற அதே பெருக்கல் குறி. கையெழுத்தும் போட்டு அனுப்பினேன்.

மிஸ்ஸிகள் வந்த கடைசி நாள். செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். டீச்சர் போன் செய்தார்.

"அம்மா, பாப்பாவுக்குப் பல்லு பாக்க வேணாம்னு போட்டிருக்கீங்களே, ஏன்மா?"

"வேணும்னுதான் போட்டேன் டீச்சர்! பெரிய பாங்காவா போட்டேனே!"

"ஐயோ, அது ஓட்டுக்குலா! இதுல வேணாங்கிறதத்தான் வெட்டணும். நீங்க சம்மதத்த வெட்டிட்டீங்க. சாமான் கட்டுறாங்கம்மா, ஓடி வந்து கையெழுத்துப் போடுங்க!"

இனி அடுத்த வருடம்தான் வருவார்களாம். மூத்தவனுக்குப் பல் முளைத்துச் சொத்தையாகிப் போக ஒரு வருடம்கூட ஆகவில்லை.

கோணியை அங்கேயே போட்டேன். எங்களை வேலை வாங்கும் மண்டோரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பல்லுக்கும் எலெக்‌ஷனா? எந்தப் பல்லும்மா ஜெயிச்சிச்சு? ஏறு ஏறு!"

அவர் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்தேன். மழை பெய்த செம்மண் பாதை. பாலத்துக்கிட்ட வண்டி ஒரு வெட்டு வெட்டி வழுக்கியது. இரண்டு காலையும் ஊன்றி நிறுத்தினார்.

"கெட்டியா புடிச்சுக்கம்மா! விழுந்தா ஒன் பல்லும் போயிரும்லா!"

"பேசாம முறுக்குங்கண்ணே!" என்று கத்தினேன். வாழ்க்கையில் யாரையும் அப்படி விரட்டியதில்லை.

பள்ளி வாசலில் வேன் கிளம்பிக்கொண்டிருந்தது. சேற்றுப் பூட்ஸோடு முன்னால் போய் நின்றேன். தெரிந்த கொஞ்ச மலாயும் வாயில் வரவில்லை. "துங்கு! துங்கு!" என்று கையை ஆட்டினேன். நில்லுங்கள் என்று அந்த ஒரு சொல்தான் வந்தது.

மலாய்க்கார மிஸ்ஸி இறங்கினார். என் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த டீச்சர் விஷயத்தைச் சொன்னார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. ஃபாரத்தைப் பார்த்தார், என் பூட்ஸைப் பார்த்தார். மகளை வாய் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். இன்னும் கெடவில்லை, பூசலாம் என்றார். டிரைவர் கடிகாரத்தைக் காட்டி முணுமுணுத்தார். மிஸ்ஸி கேட்டுக்கொள்ளவில்லை. கட்டி ஏற்றிய நாற்காலியைத் தானே ஒரு பக்கம் பிடித்து இறக்கினார்.

புது ஃபாரத்தில் டீச்சர் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பஞ்சு வைத்து, பல்லின் மேல் பள்ளங்களில் ஏதோ பூசி, நீல விளக்கைக் காட்டினார்கள். அவ்வளவுதான்.

மகள் இறங்கி வந்து கேட்டாள்: "வலிக்கவே இல்லியே. இதுக்காம்மா இப்பிடி சேத்தோட ஓடியாந்தே?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் அவளை நாக்கால் தடவிப் பார்க்கச் சொன்னேன். "வழவழன்னு இருக்கு" என்றாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்தப் பல் இன்றுவரை முழுசாக இருக்கிறது. அந்த மிஸ்ஸியின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அதிலிருந்து, புரியாத காகிதம் எது வந்தாலும் யாரிடமாவது நீட்டிக் கேட்டுவிடுகிறேன். நான் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றால், அதுவரை காத்திருக்க என் பிள்ளைகளின் பற்களுக்கு நேரமில்லை.