வலிக்காத மாரடைப்பும் பன்னீர் சோடாவும்

வீடு வீடாகப் போய் பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கும் இந்த வேலையில், கொடுப்பது கால்வாசி, அவரவர் கைவைத்தியத்தைக் கேட்டுக்கொள்வது முக்கால்வாசி என்று முதலில் எனக்குச் சொன்னவர் நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர். சின்ன மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு நான் வேலைக்குச் சேர்ந்த வாரம் அது. அன்றைக்கே இன்னொன்றும் சொன்னார்: "ரொம்ப நாளாச் சர்க்கரை இருந்தா நரம்பு மரத்துப்போகும் செசிலி. மாரடைப்பு வந்தாலும் நெஞ்சு வலிக்காமப் போகலாம். சும்மா வேர்க்கும், மூச்சு வாங்கும், குமட்டும், தாடையோ தோள்பட்டையோ வலிக்கும்." எங்கள் ராயப்பன்பட்டியில் நான் இதைச் சொல்லாத வீடில்லை. கேட்ட வீட்டைத்தான் தேடவேண்டும். சர்க்கரைக்காரரை வீட்டில் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிற உங்களுக்கு என் பாடு புரியும்.

ஏப்பம்

சவரியப்பன் அண்ணன் எங்கள் தெருக்காரர், திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறார். இப்போது வேலைக்குப் போகும் மகன் பள்ளிக்கூடம் சேருமுன்பே அவருக்குச் சர்க்கரை சேர்ந்துவிட்டது. போன மாதம், பந்தலுக்குக் கீழே நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்குகிறது என்றார்.

"ஒரு ஈசிஜி எடுத்துருவோம்ணே" என்றேன். அவர் நேரே பெட்டிக்கடைக்குப் போய் ஒரு பன்னீர் சோடா குடித்து, தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி ஏப்பம் விட்டார். "பாத்தியா தங்கச்சி, உள்ள இருந்த மாரடைப்பு வெளிய போயிருச்சு."

கிராம்பு

மார்க்கையன்கோட்டையிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு அம்மாவுக்கும் சர்க்கரை. மாடிப்படி ஏறினால் இடது தாடை வலிக்கிறது, உட்கார்ந்தால் நின்றுபோகிறது என்று கிராம்பை வாயில் அடக்கி வைத்திருந்தார். எந்தப் பல் என்று கேட்டேன். வாயைத் திறந்தார். அந்தப் பக்கம் பல்லே கிடையாது.

"பல்லு போனா என்ன, அது இருந்த எடம் வலிக்காதா?" என்றார். மகள் முதலில் சிரித்து, அப்புறம் பயந்து, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். இருதயக் குழாயில் அடைப்பு. வைத்தியம் முடிந்து தெம்பாகத் திரும்பிய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அதுவரைக்கும் என்னையத் தாங்கிப் பிடிச்சது அந்தக் கிராம்புதான் ஆத்தா."

மிட்டாய்

போன ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்த சவரியப்பன் அண்ணன், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தும் சட்டை தொப்பலாக நனைய வேர்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்து, குமட்டல் வேறு. சர்க்கரைக்காரருக்கு வேர்த்தால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று மிட்டாய் கொடுப்பது ஊருக்கே தெரிந்த வைத்தியம். நான் போனபோது அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு மிட்டாயோடு நின்றார்கள். சர்க்கரை இறங்கினாலும் வேர்க்கும்தான். அதனால் விரலில் குத்திப் பார்த்தேன். இறங்கவில்லை, ஏறித்தான் கிடந்தது. மாதாவை மனசுக்குள் கூப்பிட்டேன். ஆம்புலன்ஸை போனில் கூப்பிட்டேன்.

அவர் மனைவி அமலி மதினிக்குத்தான் மனசு ஒப்பவில்லை. "நெஞ்சு வலிக்கலங்குறாரே, ஏ செசிலி. வலி வரட்டும், அப்பப் போவோம்."

குளியல்

அதற்குள் அண்ணன் தள்ளாடி எழுந்து துண்டைத் தேடினார். "தேனி ஆஸ்பத்திரியில தெரிஞ்சவுக இருப்பாக. குளிச்சு, நல்ல வேட்டி கட்டிட்டு வந்துர்றேன்." மதினியும் பெட்டியைத் திறந்து இஸ்திரி போட்ட வேட்டியைத் தேட ஆரம்பித்தார்.

"உக்காருங்கண்ணே. இப்ப எந்திரிச்சுக் குளிக்கப் போனா, அடுத்த தடவை ஊருதான் உங்களைக் குளிப்பாட்டும்" என்றேன். அந்த வாய்க்காகப் பிறகு சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்துகொண்டேன். ஆனால் மனுசன் உட்கார்ந்துவிட்டார். வண்டி வந்தது, தேனிக்குப் போனோம். மாரடைப்பேதான். அடைப்பை எடுத்து உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள்.

மறுநாள், வலி எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டதற்கு அண்ணன் என்னைக் கைகாட்டினார்: "வலியே இல்லங்கய்யா. இந்தத் தங்கச்சி பேசுனதுதான் வலிச்சுச்சு."

வலித்துக் காட்டாத மாரடைப்பை எங்கள் ஊர் மாரடைப்பாகவே மதிப்பதில்லை. சர்க்கரைக்காரர் காரணமில்லாமல் வேர்த்து மூச்சு வாங்கினால், நீங்களாவது வலிக்காகக் காத்திருக்காமல் வண்டியைக் கூப்பிடுங்கள்.